மூன்று புள்ளடி

நிறைய வாசித்தவனிடம் வழி கேட்கக் கூடாது. அவனுக்கு எல்லா ஊர் வழியும் தெரியும், தான் நிற்கிற தெருவைத் தவிர. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வாசித்தவன் நான்தான்.

முகமே பார்த்திராத ஓர் அமெரிக்க மாநிலச் சட்டசபை உறுப்பினர் எந்தெந்தத் தேர்தலில் நின்றார், எதில் மண் கவ்வினார் என்று திகதிவாரியாகக் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் ஆள் நான். (ஏன் என்று மனைவி கேட்டாள். பதிலை இன்னும் தேடுகிறேன்.) ஆகவே, முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கும் அவளுடைய தங்கை சுமதி எங்கள் டெனிஷ் நகரசபைத் தேர்தலில் ஓர் உள்ளூர் வேட்பாளர் பட்டியலில் நின்றபோது, தமிழ் வாக்குகளின் பொறுப்பு என் தலையில் வந்தது.

"எங்கட பட்டியலுக்கு ஒரு இடம் கிடைச்சாலே பெரிசு, அத்தான். அதில ஆரின்ர பேருக்குக் கூடின வாக்கு விழுதோ, அவர்தான் உள்ள போவார். எங்கட பட்டியலில நிக்கிற பன்றிப்பண்ணை யென்ஸும் நானும்தான் போட்டி."

"நீர் பயப்பிடாதையும்" என்றேன்.

கோயில் மண்டபத்தில் மாதிரி வாக்குச்சீட்டு ஒட்டி வகுப்பெடுத்தேன். இலங்கையில் போட்ட மாதிரியேதான்: பட்டியலுக்கு நேரே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி, பிறகு ஆட்களுக்கு மூன்று விருப்பு வாக்கு. ஒன்று சுமதிக்கு, மற்ற இரண்டும் அதே பட்டியலில் விரும்பியவருக்கு.

"அண்ணை, மூண்டும் கட்டாயமோ?" என்று எஸ்பியர்க் நகரிலிருந்து குடிவந்த சிவம் கேட்டான்.

"உரிமையடாப்பா. விட்டா வீண்."

"இஞ்சாருங்கோ, வந்த கடுதாசியில ஒரு புள்ளடி எண்டுதான் கிடக்கு" என்றாள் மனைவி.

"அது டெனிஷ் ஆக்களுக்கு. அவையள் எல்லாத்திலயும் அளவு."

நவம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமை எங்கள் சனம் திருவிழாவுக்குப் போவதுபோலப் போய் வாக்களித்தது. பட்டியலுக்கு ஓர் இடம் கிடைத்தது. நானே கேசரி கிண்டினேன்.

மறுநாள் மத்தியானம் பெயர்வாரியாக எண்ணி முடித்தார்கள். பதினொரு வாக்கால் யென்ஸ் வென்றிருந்தார்.

சுமதி வாசலிலேயே நின்றாள். "ஒரே பட்டியலில கன பேருக்குப் புள்ளடி போட்டா, அது பட்டியலுக்கு மட்டும்தான் சேருமாம், அத்தான். ஒருத்தற்ர பேருக்கும் சேராதாம்."

அதாவது, எங்கள் சனம் கதிரை செய்து, தூசு தட்டி, யென்ஸை அதில் இருத்தியிருக்கிறது.

"நான் ஒண்டுதான் போட்டனான்" என்று குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

சுமதி என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை, முட்டைகூட உள்ளே வராத எங்கள் வீட்டுக்கு யென்ஸ் வந்தார். தமிழர் வாக்கில்லாமல் பட்டியலுக்கு இடமே கிடைத்திராது என்று டெனிஷில் உருகி, ஒரு முழுப் பன்றித்தொடையை என் கையில் தந்தார். பச்சைக் குழந்தையைப் போல அதை ஏந்திக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் நின்ற கோலத்தைப் பார்த்துத்தான், அக்காவிடம் வந்திருந்த சுமதி இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் படியிலேயே இருந்துவிட்டாள்.

அடுத்த தேர்தலில் அவள் வென்றாள். தமிழருக்கு அடித்த துண்டுப் பிரசுரத்தின் கடைசி வரி: "ஒரே ஒரு புள்ளடி. அத்தானைக் கேட்க வேண்டாம்." திகதி போட்டுக் கொப்பியில் ஒட்டியிருக்கிறேன்.

இன்றைக்கும் யார் வீட்டுப் பந்தியில் இருந்தாலும் என் இலையில் மட்டும் மூன்று வடை விழும். ஒன்று போதும் என்று கையை மறிப்பேன்.

"உரிமை, அத்தான்" என்பாள் நகரசபை உறுப்பினர். "விட்டா வீண்."