வெள்ளை மாளிகைக்கு ஆலோசனை

அயல்நாட்டு ஆட்சியை இங்கிருந்தே நடத்திக் கொடுப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது. செங்கம் சாலையில், வெளிநாட்டவர் வந்து தங்கும் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் தசரதனை இந்த இனத்தின் அசல் வார்ப்பு என்றே சொல்லலாம்.

சைக்கிள் எடுக்க வரும் அமெரிக்கர்கள் தங்கள் அதிபரைத் திட்டித் தீர்ப்பதைக் கேட்டுக் கேட்டு, அந்நாட்டு உள்விவகாரம் முழுக்க அவருக்கு அத்துப்படி. பஞ்சர் ஒட்டிக்கொண்டே பணக்காரர்களுக்கு வரியைக் குறைத்ததைக் கண்டிப்பார். செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே அந்த ஊர்க் கிழவர்களின் மருந்துச் செலவுக்கு வழி சொல்வார். பிரேக் கட்டை மாற்றும்போது ஏழைகளின் வைத்தியத்தை நினைத்துக் கண் கலங்கிவிடுவார்.

"இன்னா பயம்? அந்த அதிபரு எதிர்ல வந்தா மூஞ்சிக்கு நேரா கேப்பேன்!" என்பார்.

அதிபர் பிழைத்தார். செங்கம் சாலைப் பக்கம் அவர் வரவே இல்லை.

அடி அண்ணாமலைக் கிராமத்தில் தசரதன் குடியிருக்கும் கீழத் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. அவர் மனைவி கன்னியம்மாள் வயல்காட்டுப் பம்புசெட்டிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வருகிறாள். ஒரு மாதமாக இடுப்பு வலி வேறு. ஊராட்சிக்கு இப்போது ஒரே ஒரு புதுக் குழாய் வந்திருந்தது. அது எந்தத் தெருவுக்கு என்பதைச் சுதந்திர தினத்தன்று கிராம சபையில் முடிவு செய்வார்கள்.

"அமெரிக்காவ அப்பறமா பாத்துக்கலாம். நாளைக்கு நம்ம தெருவுக்கு ரெண்டு வார்த்த பேசுங்க. என்னால இனிமே தூக்க முடியாதுங்க" என்றாள் கன்னியம்மாள், முதல் நாள் இரவு.

"ரெண்டு வார்த்தையா? கிழிச்சுடறேன் பாரு!"

மறுநாள் சபை கூடியது. "இன்னா தசரதா, கீழத் தெருவுல எதனா குறை இருக்குதா?" என்று கேட்டார் ஊராட்சித் தலைவர் சக்கரவர்த்தி.

தசரதன் எழுந்தார். தோளில் இருந்த துண்டு எப்படியோ இடுப்புக்கு இறங்கிவிட்டது. பேசுவதற்கு முன் ஒரு மரியாதை செய்துவிடலாம் என்று வாங்கிப்போன சால்வையைத் தலைவருக்குப் போர்த்தினார். போர்த்திய பிறகு குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்?

"குறையாங்க? உங்க ஆட்சியில ஊரே நல்லா இருக்குதுங்க."

"அப்போ குழாய மேலத் தெருவுல போட்டுடலாம்" என்றார் தலைவர்.

எல்லோரையும் முந்திக்கொண்டு கை தட்டியது தசரதன்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மாள் எழுந்தாள்.

"தலைவரே, ஊர் நல்லாத்தான் இருக்குது. கீழத் தெருவுலதான் தண்ணி இல்ல. நீங்க ஒரே ஒரு குடம் பம்புசெட்டுலேருந்து தூக்கிக்கினு வாங்க. அப்பறம் எந்தத் தெருவுல வேணா போடுங்க."

கீழத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவளோடு எழுந்து நின்றார்கள். ஆகஸ்டு வெயிலில் தலைவருக்குச் சால்வைக்குள் புழுங்கியது. குழாய் கீழத் தெருவுக்கு என்று முடிவானது.

மறுநாள் கடைக்கு வந்த அமெரிக்க அம்மாளிடம், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தசரதன் விளக்கினார்: உங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் போதாது, எங்கள் வீட்டில் எல்லாம் தலைவரை நேருக்கு நேர் கேட்டு வாங்கிவிடுவோம்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். காலையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்து, டெல்லியில் இருக்கும் ஒருவரையும் விடாமல் ஒரு பிடி பிடித்தீர்களே, அன்று மாலையே வார்டு உறுப்பினர் உங்கள் வாசலில் வந்து நின்றார். தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னீர்களா? இல்லை, "காபி சாப்ட்டுட்டுதான் போவணும்" என்று சொன்னீர்களா?