மூன்று கடிதமும் ஒரு திருகாணியும்

டப். டப். டபார்.

வீட்டின் பின்சந்துக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்புவதற்காக நகுலேஸ்வரன் அக்சிலரேட்டரை விட்டபோது வழக்கமான மூன்று வெடிகளும் வெடித்தன. வேலியில் இருந்த புறாக்கள் எழும்பவில்லை. அவை பழகிவிட்டன.

மாடிக் கதவைத் திறந்துகொண்டு மனைவி நிரோஜா வெளியே வந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துக் காலை ஒன்பது மணிக்குப் படுத்தவள். இப்போது நேரம் மத்தியானம் இரண்டரை. தலைமயிர் ஒரு பக்கம் படிந்து, மறுபக்கம் நிமிர்ந்து நின்றது. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

"இஞ்சருங்கோ, முறைப்பாடு எழுதி அனுப்பியிருக்கிறா, கீழ்வீட்டு மதாம் யோசெப்பின்."

"எப்ப?"

"முந்தநாள் பொரிச்ச றோல்ஸ் குடுத்தனான் எல்லே. பெட்டி திரும்பி வந்தது. அதுக்குள்ள கடிதம்."

நகுலேஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றினார். "எங்கட சனம் வெறும் பெட்டி குடுக்கக்கூடாதெண்டு ஒரு கை சீனி எண்டாலும் போட்டுக் குடுக்கும். இவ முறைப்பாடு போட்டுக் குடுத்திருக்கிறா."

நீல மையில் நத்தை ஊர்ந்ததுபோல் ஒரு எழுத்து. அவருக்குப் பிடிபட்டது முதல் சொல் மட்டும்தான்.

"மெர்சி எண்டு நன்றியோடையெல்லே தொடங்குது?"

"மரியாதையான மனுசி. ஏசத் தொடங்கேக்க ஒரு மெர்சி, ஏசி முடிய ஒரு மெர்சி."

"மிச்சத்தை வாசியும்."

நிரோஜா கடிதத்தைத் தூரப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தாள். "வேகம் குறைக்கேக்க உங்கட வண்டி போடுற வெடியாலை, மத்தியானத்தில கண்ணை மூட ஏலாமல் கிடக்காம்."

அந்த வீட்டில் இலாகாக்கள் பதினெட்டு வருடங்களுக்கு முன்பே பிரிக்கப்பட்டுவிட்டன. இஞ்சின் அவருடையது. பிரெஞ்சு அவளுடையது. வரிக் கடிதம், வாடகைப் பத்திரம், பல்வைத்தியரின் மிரட்டல், எல்லாம் நிரோஜாவின் வாய் வழியாகவே அவர் காதுக்கு வந்து சேரும். பாண் பேக்கரியில் மா பிசையும் இயந்திரத்தோடு வேலை செய்கிறவருக்கு "போன்ஜூர்" என்ற ஒரு வணக்கமே போதுமானதாக இருந்தது. இயந்திரம் அதற்குமேல் எதையும் எதிர்பார்க்கவில்லை.

வெடியைப் பற்றி வேறு சிலரும் முன்பே சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அவர் வைத்திருந்த பதில், "அது இஞ்சினின்ர குரல், பழகீடும்." ஆனால் கடிதம் வேறு விஷயம். நீல மையில், கையெழுத்தோடு வந்த கடிதத்துக்கு ஒரு கனம் இருந்தது.

"அரை மணித்தியால வேலை," என்றார். "சைலன்சர் சேருற மூட்டு லூசாக் கிடக்கு. அதுக்குள்ளால காத்துப் போகுது. எரியாத பெற்றோல் அந்தக் காத்தைக் கண்டவுடனை குழாய்க்குள்ளயே பத்துது. மூட்டை இறுக்கினால் சரி."

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பிழை, இறுக்கியதில் இருந்தது. இரண்டு கையாலும் ஸ்பனரைப் பிடித்து, பல்லைக் கடித்து ஒரு சுற்று சுற்றினார். போல்ட் முரண்டு பிடித்தது. இன்னொரு சுற்று. பிறகு திடீரென்று மிக இலகுவாகச் சுற்றியது. அந்த இலகு எதைக் குறிக்கும் என்பது அவருக்குத் தெரியும். உடைந்த போல்ட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆறு வெடி.

"மதாமின்ர கோபம் ஆறட்டும். நான் எட்டு றோல்ஸ் கொண்டுபோய்க் குடுக்கிறன்," என்றாள் நிரோஜா. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

பெட்டி இரண்டு நாளில் திரும்பியது. உள்ளே இரண்டாவது கடிதம். முதலாவதைவிட நீளம். அடியில் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தது.

"இது ஏன் சிரிக்குது?"

"நக்கல்."

"நக்கலோ?"

"எண்பது வயசு மனுசி. வேற என்ன செய்யிறது? வெடி நிக்காட்டில் வீட்டுக்காரனிட்டைச் சொல்லுவாவாம். வளவுக்குள்ள வண்டி விடேலாது எண்டு அவன் சொன்னானெண்டால், எங்க கொண்டுபோய் விடப்போறியள்?"

நகுலேஸ்வரனின் முகம் முதன்முறையாக மாறியது. அந்த வண்டியை வாங்க அவர் நாலு வருடம் காத்திருந்தார். ஜப்பானில் பிறந்து, கியூபெக்கில் மூன்று கை மாறி, நாலாவதாக அவர் கைக்கு வந்த நானூறு சிசி. மொன்ட்ரியாலில் வருடத்துக்கு ஏழு மாதம் மட்டுமே ஓடக்கூடிய ஒரு பொருளை நேசிப்பதற்குத் தனி மனம் வேண்டும். மிச்ச ஐந்து மாதமும் தார்ப்பாயை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"மூட்டு மட்டும் இல்லை," என்றார். "கலவை பிழை. காத்துக் கூடிப்போச்சு. கார்புரேட்டர் திருகாணியை அரைச் சுற்று உள்ளுக்கை விட்டால் காத்துக் குறையும். யாழ்ப்பாணத்தில என்ர வண்டிக்கு நானேதான் செய்யிறனான், கண்ணை மூடிக்கொண்டு."

கண்ணைத் திறந்துகொண்டே செய்தார். அரைச் சுற்று. வெடி ஒன்பதானது. நம்பிக்கை தளரவில்லை, மருந்து போதவில்லை என்றுதான் நினைத்தார். இன்னொரு அரைச் சுற்று. இப்போது வெடிகளை எண்ண முடியவில்லை. திருவிழாவின் சீனவெடிபோல ஒரேயடியாகப் பொரிந்தது. புறாக்கள் எழும்பின.

நிரோஜா அன்று பன்னிரண்டு றோல்ஸ் பொரித்தாள். உள்ளே வைக்கும் கறியைக் கிளறி நின்றபோதே கண் அயர்ந்தாள். மிளகாய்த்தூள் போத்தல் கையிலிருந்து கொஞ்சம் தாராளமாகவே சரிந்தது.

மூன்றாவது கடிதம், பெட்டி இல்லாமலே, மறுநாளே வந்தது. இரண்டே வரி. ஒரு சொல்லின் கீழ் மூன்று கோடு, பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி.

"இது என்ன சொல்? கோடு போட்டுக் கிடக்கு."

நிரோஜா அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "கடைசித் தவணை. ஞாயிற்றுக்கிழமை."

அன்று பின்னேரம் அவர் சைலன்சர் மூட்டைச் சுற்றிச் சமையலறை அலுமினியத் தாளை எட்டு மடிப்பு மடித்து, கம்பியால் கட்டினார். "மூடின வாயாலை கத்தேலாது," என்று இஞ்சினைப் பார்த்துச் சொன்னார். முதல் முக்கில் அக்சிலரேட்டரை விட்டதும் ஒரே ஒரு வெடி. ஆனால் அது அதுவரை வெடித்த எல்லாவற்றுக்கும் தாய். அலுமினியத் தாள் வெள்ளிப் பறவையாகப் பறந்துபோய், எதிரே வந்த பேருந்தின் கண்ணாடியில் ஒட்டியது. சாரதி கையை விரித்து எதையோ கேட்டார். நகுலேஸ்வரன் "போன்ஜூர்" என்றார்.

ஞாயிறு காலை பிரவின்குமார் வந்தான். சென்னைப் பையன், டவுன்டவுனில் மென்பொருள் வேலை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு. அவனிடமும் இதே மாதிரி ஒரு பழைய வண்டி இருந்தது. ஆலோசனை கேட்கக் கூப்பிடவில்லை, சும்மா பார்க்கத்தான் என்று நகுலேஸ்வரன் இரண்டு தடவை தெளிவுபடுத்தினார்.

பிரவின்குமார் கார்புரேட்டர் பக்கம் குனிந்தான். "அண்ணா, ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருகுனீங்க?"

"உள்ளுக்கை. காத்தைக் குறைக்க."

"உங்க ஊரு வண்டில அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்திருக்கும். உள்ள விட்டா காத்து குறையும். இதுல பாருங்க, இஞ்சின் பக்கம் இருக்கு. உள்ள விட்டா பெட்ரோல்தான் குறையும், காத்து இன்னும் கூடிப்போகும்."

நகுலேஸ்வரன் குனிந்து, திருகாணியை இரண்டு பக்கமும் இருந்து பார்த்தார்.

"அதைத்தான் நானும் சந்தேகப்பட்டனான்," என்றார் கடைசியில்.

புதிய போல்ட், மூட்டுக்கு இடையில் புதிய காஸ்கெட் வளையம். திருகாணியை முழுக்க உள்ளே விட்டு, அங்கிருந்து இரண்டரைச் சுற்று வெளியே எடுத்தார்கள். மத்தியானம் தாண்டியபோது நகுலேஸ்வரன் ஒரு சுற்றுப் போய், சந்துக்குள் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்சிலரேட்டரை விட்டார்.

ஒன்றுமில்லை. இஞ்சின் தொண்டையைக் கனைக்காமல் தாழ்ந்து, தாழ்ந்து, நின்றது. அந்த மௌனத்தை அவர் கொஞ்ச நேரம் இருந்து கேட்டார். சனிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து படுத்த நிரோஜாவின் யன்னலில் திரைச்சீலை அசையவில்லை. மெல்லிய குறட்டை மட்டும் வந்தது.

"வாரும் தம்பி, மதாமிட்டைப் போவம். மூண்டு கடிதமும் வைச்சிருக்கிறன். மூண்டிலயும் 'பிரச்சினை தீர்ந்தது' எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லும். நாளைக்கு வீட்டுக்காரன் கேட்டால் காட்ட வேணும்."

கதவைத் திறந்தது மதாம் யோசெப்பின். வெடி முடிந்துவிட்டதென்று சொல்ல நகுலேஸ்வரன் வண்டியைக் காட்டி, நெஞ்சை நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார்: "போன்ஜூர், மதாம். ஃபினி!"

கிழவி வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மலர்ந்து சிரித்தார். "மெர்சி, மெர்சி," என்று உள்ளே போய், கழுவித் துடைத்த பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

பிரவின்குமார் கடிதங்களை விரித்தான். முதலாவதை வாசித்தான். இரண்டாவதை வாசித்தான். மூன்றாவதில் மூன்று கோட்டுக்குமேல் விரலை வைத்தான். பிறகு நிரோஜாவின் யன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன தம்பி, கடுமையா எழுதியிருக்கிறாவோ? சொல்லும், பரவாயில்லை."

"வண்டியப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லண்ணா. மூணுமே ரோல்ஸுக்கு நன்றி சொல்லி எழுதினது. கடைசியில மட்டும் காரம் ரொம்ப ஜாஸ்தின்னு கோடு போட்டிருக்காங்க."