ஒரேயடியாரும் வெள்ளிப் பூச்சும்

மனிதர்களில் ஒரேயடியார் என்று ஓர் இனம் உண்டு. அடியார் என்றதும் கைகூப்பிவிடாதீர்கள். தினமும் செய்ய வேண்டிய வேலையை ஒரே நாளில், ஒரே செலவில், ஒரேயடியாக முடித்துவிட்டு ஆயுள் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம் என்று மனமார நம்புகிறவர்கள் இவர்கள். சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; கோபம் வரும். சோம்பேறி வேலையைத் தள்ளிப்போடுவான். ஒரேயடியாரோ வேலையையே ஒழித்துக்கட்டப் படாத பாடு படுவார். பட்ட பாட்டில் பாதியைச் செலவிட்டிருந்தால் வேலையே முடிந்திருக்கும். அது வேறு விஷயம்.

நாம் பார்க்கப்போகும் ஒரேயடியார் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். இஸ்திரி போடும் தொல்லை தீரட்டும் என்று சுருங்காத சட்டைகளாக வாங்கினார். சட்டைகள் சொன்னபடி சுருங்கவில்லை, அவர்தான் விரிந்தார். சாவி தேடும் தொல்லை தீரட்டும் என்று வாசல் கதவுக்கு எண்பூட்டு வைத்தார். எண்ணை மறந்துவிட்டு, மனைவி வேலையிலிருந்து திரும்பும்வரை காய்கறிப் பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்?

அந்த வீட்டில் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. சமையலறை மனைவிக்கு, குளியலறை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, கையில் பிரஷ்ஷோடு உள்ளே போகும்போது, போர்முனைக்குக் கிளம்புகிறவர்போல மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அவள் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டாள்.

இந்த நிலையில்தான் அவர் கண்ணில் அந்த விளம்பரம் பட்டது. வெள்ளியைத் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகளாக்கி, அதைப் பூச்சாகத் தெளித்துவிட்டால், அதன்மேல் வந்து உட்காருகிற பாக்டீரியாவின் மேல்தோலைக் குலைத்து, உள்ளே புகுந்து, அதன் பிழைப்பையே கெடுத்துவிடுமாம். நானோ வெள்ளி! விளம்பரம் சொன்னதில் பெரிய பொய் எதுவும் இல்லை. மிச்சத்தை அவரே சேர்த்துக்கொண்டார்.

"இனிமே பாத்ரூமைக் கழுவவே வேண்டாம்," என்றார் மனைவியிடம்.

"அப்படின்னு அவங்க சொன்னாங்களா?"

"கிருமி செத்துடும்னு சொன்னாங்க. கிருமியே இல்லேன்னா எதுக்குக் கழுவணும்? நீயே யோசிச்சுப் பாரு."

"அழுக்கு?"

"இருந்துட்டுப் போகட்டுமே. செத்த அழுக்குதானே!"

"சரிங்க," என்றாள் மனைவி. அந்தச் 'சரிங்க'வைக் கேட்டு வேறு எந்தக் கணவனும் நடுங்கியிருப்பான்.

முகமூடி போட்ட இரண்டு பேர் வந்து, சுவர், தரை, குழாய், கைப்பிடி என்று ஓர் இடம் விடாமல் தெளித்துவிட்டுப் போனார்கள். மருந்து மிஞ்சியதால் சமையல் மேடைக்கும் அந்த யோகம் அடித்தது. வெள்ளி இழை போட்ட காலுறைகளையும் நம்மவர் வாங்கிக்கொண்டார். அவற்றைத் துவைப்பதா? சேச்சே. அலுவலகத்தில் பக்கத்து மேசை அம்மாள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தபோது, "வெயில் அதிகம்தான், இல்ல?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

மனைவி என்ன செய்தாள் தெரியுமா? சண்டை போடவில்லை. அவளும் சமையல் மேடையைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். பால் பொங்கி வழிந்தது, குழம்பு சிந்தியது, சர்க்கரை கொட்டியது. அவள் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்த்தாள். ஒரு நாள் காலையில் அவர் மேடைமேல் வைத்த கரண்டி மறுபடி கையோடு வர மறுத்தது.

"இது என்ன, ஒட்டிக்கிச்சு?"

"பூச்சு இருக்கேங்க," என்றாள் அவள், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் குடும்பத் தமாஷாக முடிந்திருக்கும். ஆனால் அவருடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா இல்லாத வீட்டில் அவருக்குத் தலைவாரி, சோறு பிசைந்து கொடுத்து வளர்த்தவள் அக்காதான். இப்போது அவள் இருக்கிற வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காயம் ஆறும்வரை படி ஏறக்கூடாது, சுத்தமான இடமாகப் பார்த்து இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டுக்கு வாக்கா," என்றார் தம்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "படி ஏற வேண்டாம். ஒரு கிருமி உள்ள நுழைய முடியாது."

மனைவி அன்றைக்கே சமையல் மேடையைத் தேய்த்துக் கழுவினாள். "அண்ணி வர்றாங்க. நீங்களும் பாத்ரூமைக் கழுவிடுங்க," என்றாள்.

"அதுக்குத்தானே பூச்சு!"

அக்கா வாக்கர் என்கிற நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தாள். குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே போகாமல் நின்றாள்.

"டேய், இதுக்குள்ள போயிட்டு வந்தா, அப்புறம் எங்க போய்க் குளிக்கறது?"

"அக்கா, அது வெறும் சுவர் இல்ல. பூராவும் வெள்ளி."

"வெள்ளி எங்கடா இருக்கு?"

காட்டுவதற்காகச் சுவரில் கை வைத்தார். கை வழுக்கிக்கொண்டு போனது. விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

அக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "காயத்துல சீழ் வெச்சா மறுபடியும் காலைத் திறப்பாங்களாம். எனக்குப் பயமா இருக்குடா. ஒரு வண்டி கூப்பிடு, நான் ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்," என்றாள்.

பயமாக இருக்கிறது என்று அக்கா சொல்லி அவர் கேட்டதே இல்லை. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்தபோதெல்லாம் அவள் கையைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷை எடுத்தார், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

தேய்க்கத் தேய்க்கத்தான் அவருக்கு உறைத்தது. வெள்ளியைத் தொட்டால்தானே கிருமி சாகும்? சோப்பு நுரையும் எண்ணெயும் காய்ந்து காய்ந்து, சுவரில் கம்பளம் விரித்தமாதிரி படிந்திருந்தது. அந்தக் கம்பளத்தின்மேல் உட்கார்ந்து பிள்ளைகுட்டி பெற்ற கிருமிகளுக்கு, அடியில் வெள்ளி இருக்கிற சேதியே எட்டியிருக்காது. பாவம், வெள்ளி என்ன செய்யும்? அதன்மேல் போர்வை போர்த்தியது இவர்தானே!

மனைவி வந்து எட்டிப்பார்த்தாள். உதவி செய்வதற்கு அல்ல. "அந்த மூலையில இன்னும் இருக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அக்கா உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்தாள். வண்டியைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. அவள் தங்கியிருந்த நாளெல்லாம் நம்மவர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறையைத் தேய்த்தார். முனகினார், ஆனாலும் தேய்த்தார். காயம் சுத்தமாக ஆறியது. நடைச்சட்டம் போய்க் கைத்தடி வந்தது. பிறகு அதுவும் போய், அக்கா தன் காலால் நடந்து, தன் வீட்டுப் படிகளை ஏறினாள்.

பெருமை யாருக்குப் போனது என்கிறீர்கள்? "எங்க அக்கா கால் இவ்வளவு சீக்கிரம் குணமானதுக்கு வெள்ளிதான் சார் காரணம்," என்று அலுவலகத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிரஷ்ஷைப் பற்றி மூச்சு விடுவதில்லை. போன வாரம்கூடத் தானாகத் தரை துடைக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி மனைவியிடம் பேச்சுக்கொடுத்துப் பார்த்தாராம். "சரிங்க," என்று அவள் சொன்னதும், இந்தமுறை அவருக்கே லேசாக வியர்த்திருக்கிறது.

நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். போகிறபோக்கில் ஒரு சின்ன விசாரணை. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, நாளைக் காலையில் எழுந்து வீடு முழுவதையும் ஒரு மூச்சில் சுத்தம் செய்துவிட்டு, இனி ஜென்மத்துக்கும் அழுக்குச் சேராதபடி ஓர் ஏற்பாடு பண்ணிவிடவேண்டும் என்று உங்களுக்கும் தோன்றியதா? அப்படியானால் நம்மவரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்கிறேன். பக்கத்தில் இடம் இருக்கிறது. மூக்கை மட்டும் பொத்திக்கொள்ளுங்கள். அந்தக் காலுறைகளை இன்னும் துவைத்தபாடில்லை.