ஆவோ அண்ணன்

தாம்பரம் வட்டாரத்தில் ஒரே ஓர் இந்திச் சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் சேவை செய்த மனிதர் எங்கள் ஆவோ அண்ணன் ஒருவர்தான். அந்தச் சொல் 'ஆவோ'. 'வா' என்று அர்த்தம். அண்ணனுக்கு அது வா, போ, உட்கார், சாப்பிடு, அழாதே, ஆதார் கார்டு எங்கே என்ற எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ள போ, உள்ள போ" என்று கத்திப் பழகிய அதே குரலில் "ஆவோ, ஆவோ" என்பார். கேட்டவர்கள் காரணம் தெரியாமல் இரண்டடி நகர்ந்து இடம் விடுவார்கள்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் பௌத்த சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேற்குத் தாம்பரத்தில் ஓர் அரிசிக்கடை மாடியில் ஓர் அறை, ஒரு சின்ன புத்தர் சிலை, நாங்கள் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தியானம். முடிந்ததும் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு திருமுடிவாக்கம் போவோம். அங்கே பட்டறைகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் ஆட்கள் தங்கியிருந்தார்கள். சாப்பாடு, போர்வை, ஆஸ்பத்திரிக்குத் துணை. எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

தியானத்தில் அண்ணன் குறட்டை விடுவார். கீழே அரிசிக்கடைக்காரர் மேலே நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு விடுவார்.

"அண்ணா, தூங்கிட்டீங்க."

"யாரு, நானா? மூச்சைக் கவனிச்சுகினு இருந்தேன்மா. உனக்குக் கேட்டுச்சுல்ல? அப்போ நீ என் மூச்சைத்தான் கவனிச்சுகினு இருந்துகிற."

ஒருமுறை பல்வலிக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பல் டாக்டர் வாசலில் கூட்டம் அதிகம் என்று கண் டாக்டர் வரிசையில் நிறுத்திவிட்டார். போனவர் புதுக் கண்ணாடியோடும் பழைய பல்வலியோடும் திரும்பி வந்தார். "பல்லு எங்க ஓடிடப் போவுது? பாவம், அவனுக்குக் கண்ணே சரியாத் தெரியலமா" என்றார் அண்ணன். அடுத்த நாள் மறுபடியும் கூட்டிப்போய் அந்தப் பல்லையும் பிடுங்க வைத்தார்.

இன்னொரு நாள், தாம்பரத்தில் கூலி ஆட்கள் வேலைக்காகக் காத்து நிற்கும் முனையில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மேஸ்திரி ஆட்களோடு ஆளாக அவரையும் வேனில் ஏற்றிப் படப்பைக்குக் கொண்டுபோய்விட்டார். சாயங்காலம் தலை முழுக்க சிமெண்ட்டோடு வந்து நின்றார்.

"நான் வேலைக்கு வரலன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணா?"

"சொல்லலாம். அப்பால ஒரு ஆள் கம்மியாப் பூடும். என் செங்கல்லையும் சேத்து அவனுங்க இல்ல தூக்கணும்?"

இப்படிப்பட்டவரிடம் போனை நீட்டி, இதில் பேசினால் அதுவே மொழிபெயர்க்கும் என்றேன். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் பையிலேயே அதைப் போட்டார். "அவன் இந்த மெஷினைப் பாத்துப் பேசறான்மா. என்னைப் பாக்க மாட்டேன்றான்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த மழைக்காலத்தில் சுக்ரா என்று ஒருவன் புதிதாக வந்திருந்தான். ஜார்க்கண்ட் பக்கம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசுவான். பேசி முடித்ததும் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்துவான்.

அண்ணன் உருகிப்போவார். "பாத்தியாமா? நம்மளை நெஞ்சுல வெச்சுகினு கீறான்." தானும் நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, "ஆவோ" என்பார். கொட்டகையே சிரிக்கும். சுக்ராவும் சிரித்தான். மூன்று ஞாயிறுகள் இது நடந்தது. மூன்றாவது முறை நான் போட்டோ எடுத்தேன். இரண்டு பேரும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான்காவது ஞாயிறு சுக்ரா இல்லை. அவனோடு தங்கியிருந்த ஒருவர் எங்களை ஆட்டோவில் ஏற்றி ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பிணவறை வாசலில் சுக்ராவின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அதனால் தமிழ் வரும். முந்தின நாள் மெஷின் பக்கத்திலேயே சுக்ரா சரிந்து விழுந்தானாம். ஆஸ்பத்திரி வந்து சேரும்போது உயிர் இல்லை.

"இருபது நாளா நெஞ்சு வலின்னு சொன்னான்" என்றார் அவர். "சூப்பர்வைசர் வாயுத் தொல்லைன்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு. நான் லீவு போட்டு வரேன்டான்னேன். வேணாம், ஞாயித்துக்கிழமை ஒரு பெரியவர் வராரு, அவர்கிட்ட சொல்லியிருக்கேன், கூட்டிட்டுப் போவாருன்னான்."

ஆவோ அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சொன்னான்பா. எங்கிட்டதான் சொன்னான். கையை வெச்சுக் காட்டினான். நானும் கையை வெச்சுக் காட்டினேன்."

சுக்ராவின் அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் கோபப்படவில்லை. ஆவோ அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் பேசுனது இந்தியே இல்லீங்க. எங்க ஊர் பாஷை. இங்க யாருக்குமே புரிஞ்சிருக்காது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆவோ அண்ணன் அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளவில்லை. பையில் போனை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கும் அது போய்ச் சேரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து போனில் மொழிகளின் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். அவன் பாஷை அதில் இல்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இங்கேயே தகனம் செய்தார்கள். சுக்ராவின் அண்ணன் சாம்பலோடு ரயில் ஏறினார். அந்த வாரமே சுக்ராவின் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். நாங்கள் பொட்டலம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டான். என்ன செய்கிறோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஆறு பேர் இப்போது மூன்று பேராகிவிட்டோம்.

ஆவோ அண்ணன் அதற்குப் பிறகு தியானத்துக்கும் வரவில்லை, திருமுடிவாக்கத்துக்கும் வரவில்லை. கோவிலம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். டிவி கூடப் பார்ப்பதில்லையாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மெதுவாகத் திரும்பி, "உடம்பு எப்டி கீதுமா? மாடி ஏறச்சொல்ல மூச்சு வாங்குதா? கரெக்டா சொல்லு, பூசி மெழுகாத" என்பார்.

எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் தலையில் ஆரம்பித்துக் கால்வரைக்கும் ஒன்று விடாமல் சொல்கிறேன், அவர் போதும் என்று சொல்லும்வரை.