சாருக்கு மட்டும் இலை இல்லை

கணக்கு வாத்தியாருக்கு எல்லாக் கணக்கும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்: ஒருமுறை எனக்கு மூன்று வரைக்கும் எண்ணத் தெரியாமல் போயிருக்கிறது. அதற்கு முப்பத்திரண்டு பிள்ளைகள் சாட்சி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். மீசை அரும்பாக இருந்தது, தன்னம்பிக்கை மட்டும் அடர்த்தி. ஏழாம் வகுப்புக்குப் பரப்பளவு நடத்தினேன். நீளம் பெருக்கல் அகலம் என்று நான் சொல்லச் சொல்ல, பெஞ்சு பெஞ்சாகக் கொட்டாவி பரவியது. மீனாள் மட்டும் கையைத் தூக்கினாள். ஆகா, ஒரு பிள்ளைக்காவது சந்தேகம் வந்ததே என்று பூரித்துப் போனேன்.

"சார், இத வச்சு என்ன சார் செய்யிறது?"

"பரீட்சை எழுதலாம்" என்றேன். (இந்த வாயை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாகப் பிழைக்கிறேன்.)

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு கையைத் தூக்கவே இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மயில் வரைய ஆரம்பித்தாள். நன்றாகத்தான் வரைந்தாள். ஆனால் அந்த மயிலைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பிள்ளையை நானே கெடுத்துவிட்டேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

அந்தச் சமயத்தில் சிவகங்கையில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. "பிள்ளை சந்தோஷமாக இருந்தால்தான் பாடம் ஏறும். நாலு சுவரை விட்டு வெளியே கூட்டிப் போங்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். அதற்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டேன், வடைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்று எனக்குத் தெரியும். தரை முழுக்க ஒரே அளவில் சதுரம் சதுரமாக ஆத்தங்குடிப் பூக்கல். கல்லை எண்ணினால் பரப்பளவு வந்துவிடும்!

தலைமையாசிரியை லேசில் மசியவில்லை.

"கூட்டிட்டுப் போங்க சார். ஆனா எங்குட்டிருந்தாவது ஒரு பிராது வந்துச்சு, அன்னையோட பிள்ளைக வெளிய போகாது. நீங்களும் உள்ள வரமாட்டீக."

குறித்த நாளன்று அவர் பல்வலி என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு நிம்மதி.

வீட்டுக் காவல்காரர் போனில் வழி சொல்லியிருந்தார். "பின் தெருவுல மூணாவது வீடு சார். பின்கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், தள்ளிட்டுப் போங்க." எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். மூன்றாவது என்றால் எந்தக் கோடியிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிழக்கிலிருந்து எண்ணினேன். மேற்கிலிருந்து எண்ணியிருக்க வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனோம். எங்கோ நாகஸ்வரம் கேட்டது, கோயில் என்று நினைத்தேன். பூட்டிக் கிடக்கிற வீட்டில் பணியார வாசனை எப்படி வரும் என்று அறிவுள்ள எவனுக்கும் தோன்றியிருக்கும். நான் டேப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாங்கட்டுக் கூடத்தில் பிள்ளைகள் முட்டி போட்டு எண்ணினார்கள். நீளத்தில் நாற்பத்தெட்டுக் கல், அகலத்தில் இருபத்து நான்கு.

அப்போது பட்டுப்புடவையும் கழுத்தில் மாலையுமாக ஓர் ஆச்சி உள்ளே வந்தார். பின்னாலேயே வாழை இலைக்கட்டுடன் பரிமாறுகிறவர்கள் வந்தார்கள். அவர் கணவர் செட்டியாருக்கு அன்று மணிவிழா.

"வாங்க வாங்க. ஏன் நிக்கிறீக? பந்தி போடப் போறோம், பிள்ளைகள உக்காரச் சொல்லுங்க." (செட்டியார் அழைத்த பிள்ளைகள் என்று ஆச்சி நினைத்தார். ஆச்சி அழைத்தது என்று செட்டியார் நினைத்தாராம்.)

"இல்ல ஆச்சி, நாங்க கல்லு எண்ண வந்தோம்" என்றேன், அழாத குறையாக.

"சாப்பிட்டு எண்ணிக்கலாம்."

அதற்குள் முன்பக்கத்திலிருந்து விருந்தாளிகள் வந்து நிறைந்துவிட்டார்கள். பந்தி மேற்பார்வை பார்க்கும் சோலை அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"நாலு வரிசைக்கு அறுபத்து நாலு எலதான் விழும் ஆச்சி. அம்புட்டுப் பேரும் வந்தாச்சு. பிள்ளைக அடுத்த பந்தியில உக்காரட்டும்."

அன்று அரைநாள் பள்ளி; அடுத்த பந்தி என்றால் பள்ளிக்கூடம் விட்டுவிடும், சாப்பிடாமல் கிளம்ப ஆச்சியும் விடமாட்டார். பெற்றோர் தேடி வருவார்கள், பிராது போகும், என் வேலையும் போகும். பின்வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது ஒரு கை உயர்ந்தது. மீனாள்.

"அண்ணே, ஒரு எலைக்கு எத்தன கல்லு விடுறீக?"

"மூணு. ஏத்தா?"

"ரெண்டு போதும்ணே, நெருக்கி உக்காந்துக்குவோம். வரிசைக்குப் பதினாறு போடுற எடத்துல இருபத்து நாலு போடலாம். நாலு வரிசைக்குத் தொண்ணூத்தாறு."

சோலை அண்ணன் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விரலை மடக்கினார், விரித்தார்.

"கூட முப்பத்திரண்டு எல வருதுண்ணே. நாங்களும் முப்பத்திரண்டு பேருதான்" என்றவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். முகத்தில் உண்மையான வருத்தம். "சாருக்குத்தான் எல இல்ல."

கூடமே சிரித்தது. நான் தூணோடு தூணாக நின்றேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் அவமானப்பட்டதே இல்லை. அவள் கை தூக்கிவிட்டாளே!

"சார், நான் கொஞ்சம் நகந்துக்கிறேன். இங்குட்டு வாங்க."

தெரிந்த குரல். திரும்பினேன். விருந்தாளிகள் வரிசையில் எங்கள் தலைமையாசிரியை! அவர் வாயில் சீப்புச் சீடை நறுக்கென்று உடைந்தது.

"பல்வலி... தேவலையா மேடம்?"

அவர் நிதானமாக மென்று விழுங்கினார்.

"நீங்க வந்த வாசல நான் பாக்கல. என் பல்ல நீங்க பாக்கல. கந்தரப்பம் ஆறிப்போகும், உக்காருங்க."

ஒன்றரைக் கல்லில் ஒடுங்கி உட்கார்ந்து, என் ஆயுளிலேயே சிறந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அடுத்த நாள் மீனாளின் நோட்டைத் திருப்பினேன். மயில் இருந்தது. ஆனால் அதன் காலடியில் கட்டம் கட்டமாகத் தரை போட்டு, இருபத்து நான்கு பெருக்கல் நான்கு, தொண்ணூற்றாறு என்று எழுதியிருந்தாள். மாதம் ஒரு நாள் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக அனுமதியும் கிடைத்தது. (கையெழுத்துப் போடும்போதெல்லாம் தலைமையாசிரியை, "இந்தத் தடவ என்ன விசேஷ வீடு சார்?" என்று கேட்பார்.)

இன்றைக்கும் வீட்டில் மாவு தீர்ந்துபோனால் என் மனைவி அடுப்படியிலிருந்தே அறிவிப்பாள்: "சாருக்குத்தான் தோசை இல்ல!" பழைய மாணவர்கள் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், "சாருக்கு எல போட்டாச்சா?" என்று கூவுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்துக்கே இந்தக் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

போன வாரம் தபாலில் மீனாளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஓரத்தில் ஒரு மயில். அதன் கீழே அவள் கையெழுத்தில் இரண்டு வரி:

"சாருக்கு மூணு கல்லு ஒதுக்கியாச்சு. முன்வாசல் வழியா வாங்க."