மரக்கல்லு காட்டிய இடம்

செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குப் போகும் ஆபீஸ் வேன்களில், கிணறு தோண்டுகிற இடத்தைக் கண்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் வேன் எங்களுடையது ஒன்றுதான். டிரைவரின் பெயர் லைசென்சில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'மரக்கல்லு'. ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் சுத்தியலும் சாக்கும் வைத்திருப்பார். பஞ்சரானால் அதோகதிதான்!

"டைனோசரு நடந்த காலத்து மரம் சார். நம்மூரு மண்ணுக்கடியில கல்லாயி படுத்துகினு கீது. எழுப்ப வாணாமா?"

குழியிலிருந்து வெட்டிப் போட்ட கல்லைப் பிளந்து உள்ளே ஈச்ச ஓலை மாதிரி அச்சு தெரிந்துவிட்டால் வேனே அதிரக் கத்துவார். நாங்கள் தினமும் லேட்.

குழியோரம் குந்தி, கல்லைத் தட்டித் தட்டிப் பார்க்கிற ஆளை நம் ஜனங்கள் என்னவென்று நினைப்பார்கள்? நீரோட்டம் பார்க்கிறவர் என்றுதான்! திருப்போரூர் பக்கம் ஒரு அக்கா எலுமிச்சம்பழத்தட்டோடு வந்து வேனை மறித்தார். தோண்டிய இரண்டு குழியும் வறண்டு, வேர்க்கடலை வாடிக்கொண்டிருந்தது.

"எங்க தோண்டலாம் அண்ணாத்த?"

மரக்கல்லு வரப்போரத்தைக் காட்டி, "அங்க மரம் கீது யக்கா" என்றார். அவர் சொன்னது கல்மரம். மரம் என்றால் கீழே தண்ணீர் என்று அக்கா மறுநாளே ஆள் இறக்கிவிட்டார்.

பத்து நாள் கழித்துப் போனோம். இருபதடி ஆழத்தில் ஒரு பலகைக்கல். அதன்மேல் காம்பிலிருந்து நுனிவரை முழு ஓலையின் அச்சு. இத்தனை வருஷத்தில் அவருக்கு முழுசாகக் கிடைத்ததே இல்லை. குழிக்குள் இறங்கிக் குதித்து ஆடினார் மனுஷன்.

மேலே அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "தண்ணி எங்க அண்ணாத்த? இந்தப் பயிரும் பூட்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

ஆட்டம் நின்றது.

கிணறு வெட்டும் மேஸ்திரி கல்லோரத்தைத் தொட்டுப் பார்த்தார். "கசியுது. கல்ல ஒடச்சாத்தான் வரும். பேத்து எடுக்க முடியாது, பாறையோட ஒட்டிகினு கீது."

மரக்கல்லு ஓலையை ஒருமுறை தடவினார். "வேற எவனும் கைவெக்க வாணாம். நானே பண்றேன்."

ஐடி கார்டு தொங்க நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, சுத்தியலை ஓங்கினார். நாலாவது அடியில் தண்ணீர் குபுக்கென்று பொங்கி அவர் முகத்தில் அடித்தது.

"யக்கா! வந்துச்சு பாரு!"

முதலில் ஆடியதைவிட இப்போது ஆடியதுதான் பெரிய ஆட்டம்.

உடைந்த துண்டுகளை எங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இப்போது அவர் வேறு ரூட் ஓட்டுகிறார். நாங்கள் நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேருகிறோம், ஒரு சுவாரசியமும் இல்லாமல். என் மேசைமேல் இருப்பதைப் பார்த்துப் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கிறார்கள்: "இது என்ன சார் கல்லு?"

"எங்க டிரைவர்" என்கிறேன்.