விளக்கு வைக்கிற நேரத்து விசில்

என் விசிலுராசாவுக்கு,

பிலோமினம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. முழங்காலைத் தவிர நான் சுகம். நீங்கள் மோட்சத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்களா, இல்லை பாவம் கழிக்க உத்தரிக்கிற ஸ்தலத்தில் சுருட்டோடு உட்கார்ந்திருக்கிறீர்களா தெரியாததால் மேல்விலாசம் எழுதவில்லை. வேதத்தில் செத்து எழுந்த லாசரஸின் பெயரை வைத்துக்கொண்டு நாலாம் நாள் எழுந்து வராத மனுசன் இவர் ஒருத்தர்தான் என்று கல்லறையில் வைத்தே சொன்னேன், சாமியார் முறைத்தார். உயிரோடு இருந்தவரைக்கும் உங்கள் பெயரை என் வாயால் சொன்னதில்லை. இப்போது சொல்லிப் பழகுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.

சேதி என்னவென்றால், நான் வாத்தியம் கற்றுக்கொள்கிறேன். சிரிக்க வேண்டாம், எல்லாம் உங்களால் வந்தது. காலையில் படி இறங்கும்போது ஒரு மெட்டு விசிலடிப்பீர்களே, அதில் முதல் பாதிதான் தெருமுனை வரைக்கும் வரும். மீதியைச் சாயங்காலம் படி ஏறும்போது தொடங்குவீர்கள். அப்போது நான் கதவைத் திறந்து, "விளக்கு வைக்கிற நேரத்துல விசிலடிக்காதீங்க, பாம்பு வரும்" என்பேன். "மூணாவது மாடிக்கு ஏறி வந்தா களைச்சுப் போயிருக்கும்டி, அதுக்கு ஒரு கோப்பி போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வீர்கள். இருபத்திரண்டு வருசம் தினமும் நிறுத்தினேன். ஒரு பாம்பும் வரவில்லை. நீங்கள் போன இந்த ஆறு மாதமாக அந்த மெட்டு என் காதில் ஓடுகிறது, பாதியில் நின்று போகிறது. மீதியை நான் முழுசாகக் கேட்டதே இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. எதிலாவது வாசித்துப் பார்த்தால் அந்த மீதி தானாக வராதா என்றுதான் இந்த வயதில் கிளம்பினேன்.

கூட்டிக்கொண்டு போனது இரண்டாம் மாடி ரபியா. "வீட்டுக்குள்ளயே கிடந்தா எப்படிக்கா, சனிக்கிழமை என்கூட வாங்க லா" என்று சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு இழுத்துப்போனாள். அங்கே ரூபி என்று ஓர் அமெரிக்க அம்மா, தன் மலைநாட்டு வாத்தியத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். டல்சிமர் என்று பெயர். இடுப்பு ஒடுங்கின நீளப் பெட்டி, மூன்று தந்தி, மடியில் கிடத்திக்கொள்ள வேண்டும். இடது கையில் ஒரு குச்சியால் ஒரு தந்தியை அழுத்தி நகர்த்திக்கொண்டே, வலது கையில் இறகால் வருட வேண்டும். மற்ற இரண்டு தந்தியும் ஒரே மாதிரி முனகிக்கொண்டே இருக்கும், காய்ச்சல் வந்தால் நீங்கள் முனகுவீர்களே, அதுபோல. இறகு தேக்கா சந்தை வாத்துக்கடையில் வாங்கினேன். குச்சிக்கு, கறி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சியைக் கழுவி வைத்துக்கொண்டேன். கழுவினது போதவில்லை, இரண்டு வாரம் என் வாசிப்பில் சாத்தேயின் கடலைக் குழம்பு மணந்தது.

அந்தக் கூட்டத்தின் அன்பு இருக்கிறதே, தாங்காது. முதல் நாள் எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடிற்று, அதனால் தரையில் உட்கார்ந்தேன். அதுதான் தமிழர் வழக்கம் என்று நினைத்து ரூபியம்மா இறுக்கமான பாவாடையோடு தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை, எனக்காக எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார்களாம். முழங்கால் போனது அப்படித்தான். ரூபியம்மாவை எழுப்பிவிட நான்கு பேர் வேண்டும். ஏழாவது வாரம் போனாலும் புதிதாக வந்தவளைப்போல வெல்கம் சொல்லிக் கைதட்டி, தின்னக் கறிபாப் பலகாரம் கொடுக்கிறார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. இந்த வாத்தியத்தில் தப்பே கிடையாது என்பது ரூபியம்மாவின் உபதேசம். குச்சியை எங்கே வைத்தாலும் சரி, எப்படி முடித்தாலும் சரி. போன சனிக்கிழமை உங்கள் பாதி மெட்டை வாசித்துக் காட்டி, மீதியைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னேன். ரூபியம்மா கோயில் பாட்டுபோல முடித்தார், சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவதுபோல இருந்தது. அஸ்மத் பாய், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டத்துக்குத் திருப்பிவிட்டார். ரபியா தாலாட்டாக்கிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். இதில் எது சரி என்று கேட்டேன். எல்லாமே சரிதான் என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாமே சரின்னா, எங்க வீட்டுக்காரர் அடிச்சது எது?"

அதற்கும் கைதட்டினார்கள்.

தப்பு என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் சரி எங்கே இருந்து வரும்? குழம்பில் உப்பில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மனுசன் நீங்கள். அப்போதெல்லாம் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இப்போது யாராவது சொன்னால் தேவலை என்று இருக்கிறது. ஆகையால் முடிவு செய்துவிட்டேன். இன்றோடு வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். மெட்டும் வேண்டாம், மீதியும் வேண்டாம். உங்கள் அம்மாவை அங்கே பார்த்தால் என் கும்பிடைச் சொல்லவும், உப்பு விசயம் பேச வேண்டாம். சிறகு வைத்த சம்மனசுகளுக்கு விசில் பழக்கிவிடாதீர்கள். தேவமாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிலோமினம்மாள்

பின்குறிப்பு: மேலே எழுதினதை நம்ப வேண்டாம். திருப்பிக் கொடுக்கப் போனவளுக்கு மறுபடியும் வெல்கம் சொல்லி, மொத்தக் கூட்டமும் அந்த மீதியைக் கண்டுபிடிக்க என்னோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. நாற்காலி பக்கத்து வீடுகளில் வாங்கிப் போட்டிருக்கிறேன். விளக்கு வைத்தாயிற்று, கதவை நான்தான் திறந்து வைத்தேன். அஸ்மத் பாய் உங்களைப்போலக் கீழ்ப்படியில் இருந்து விசிலடித்துக்கொண்டே ஏறி வருகிறார். மூன்று தடவை வந்துவிட்டார். "அது இல்ல பாய், தப்பு" என்று மூன்று தடவையும் இறக்கிவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. இப்போது நாலாவது தடவையாக இரண்டாம் மாடி வரைக்கும் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இனி எப்படி என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? நம் வாசலுக்கு வரும்போது அந்த மெட்டு மேலே ஏறுமா, கீழே இறங்குமா?